கதவுக்குப் பின்னால் எத்தனை பேர்?

2019 ஜனவரி 29. தில்லி தால்கடோரா அரங்கில், தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் பிரதமர் பேசிக்கொண்டிருந்தார். ஒரு தாய் எழுந்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன். முன்பெல்லாம் நன்றாகப் படித்தவன். இப்போது ஆன்லைன் விளையாட்டே கதியென்று கிடக்கிறான், என்ன செய்வது என்று கேட்டார். ‘பப்ஜி ஆடுகிறவனா?’ என்று பிரதமர் கேட்டதும் அரங்கம் சிரித்தது. கேட்டவர் ஒருவர்தான். சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டிலாவது அதே கேள்வி இருந்திருக்கும்.

அடுத்த மார்ச்சில் ராஜ்கோட் காவல்துறை பப்ஜியைத் தடை செய்து, கைபேசியில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களைக் கைதுகூடச் செய்தது. 2020 செப்டம்பரில் நாடு முழுவதும் தடை வந்தது. பிள்ளைகளின் படிப்பை நினைத்து வந்த தடையல்ல அது. சீனாவுடனான எல்லைத் தகராறையொட்டித் தடை செய்யப்பட்ட 118 செயலிகளில் பப்ஜியும் ஒன்று. 2021 ஜூலையில் அதே விளையாட்டு ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்று பெயர் மாற்றிக்கொண்டு திரும்பியது. பெற்றோரைச் சமாதானப்படுத்த இரண்டு விதிகளும் கூடவே வந்தன: 18 வயதுக்குட்பட்டவர்கள் நாளுக்கு 3 மணி நேரம்தான் ஆடலாம், நாளுக்கு 7,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது. பள்ளிக்கூடப் பையனுக்கு நாளுக்கு 7,000 ரூபாயை ‘வரம்பு’ என்று நினைத்தவர் எந்த ஊர்க்காரரோ!

தாயின் கவலை, காவல்துறையின் தடை, நிறுவனத்தின் 3 மணி நேரம் எல்லாவற்றிலும் விடுபட்டுப்போன ஒரு விஷயம் உண்டு. பையன் உள்ளே போய் என்ன செய்கிறான், யாரோடு இருக்கிறான் என்று யாருமே கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்பது மட்டும்தான் எல்லாருடைய கணக்கும். இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதை நார்வேயில் ஒரு குடும்பம் மிகுந்த விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

மாட்ஸ் ஸ்டீன் 1989இல் பிறந்தவர். சிறு வயதிலேயே அவருக்கு டுஷேன் தசைச்சிதைவு நோய் இருப்பது தெரிந்துவிட்டது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதாவதால் வரும் நோய் இது. அதனால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்கும். தசை நார்களைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடலில் உருவாகாது. தசைகள் சிறுகச் சிறுகச் சேதமடைந்து, அந்த இடத்தில் கொழுப்பும் வடுவும் சேரும். முதலில் நடை போகும், பிறகு கைகள், கடைசியில் மூச்சும் இதயமும். பள்ளி வயதிலேயே மாட்ஸ் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். ஆஸ்லோவில் பெற்றோரின் வீட்டை ஒட்டிய தனிக் குடியிருப்பில், தன் கைக்கு ஏற்ப மாற்றியமைத்த கருவிகளோடு ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். கடைசிப் பத்தாண்டுகளில் 15,000 முதல் 20,000 மணி நேரம் ஆடியிருப்பார் என்கிறார்கள். அவர் இரவெல்லாம் விழித்திருப்பதுதான் வீட்டாருக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது.

2014 நவம்பரில், 25 வயதில் மாட்ஸ் இறந்தார். நண்பர்கள் இல்லாமல், காதல் தெரியாமல், யாருடைய வாழ்க்கையிலும் ஒரு பொருட்டாக இல்லாமல் பிள்ளை போய்விட்டானே என்பது பெற்றோரின் தீராத துயரம். மகன் எழுதிவந்த வலைப்பூவில் தந்தை மரணச் செய்தியைப் போட்டு, ஒரு மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த கடிதங்களை அந்த வீடு எதிர்பார்க்கவே இல்லை. விளையாட்டுக்குள் மாட்ஸுக்கு இபெலின் என்று பெயர். ‘ஸ்டார்லைட்’ என்ற குழுவில் அவர் ஊக்கமான உறுப்பினர். பலருக்கு மனம் விட்டுப் பேச வாய்த்த ஒரே ஆள். அவருக்கு இப்படியொரு நோய் இருப்பதே அந்த நண்பர்களுக்கு வெகுகாலம் தெரியாது. இறுதிச் சடங்குக்கு அவர்களில் சிலர் வேறு நாடுகளிலிருந்து வந்தார்கள். அந்தக் குழு சேமித்து வைத்திருந்த சுமார் 42,000 பக்க உரையாடல் பதிவுகளிலிருந்து பெஞ்சமின் ரீ என்ற இயக்குநர் எடுத்த ஆவணப்படம் 2024இல் வந்தது.

மாட்ஸின் பெற்றோர் அலட்சியமானவர்கள் அல்லர். பக்கத்திலேயே இருந்து பத்திரமாகப் பார்த்துக்கொண்டவர்கள். மகன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்பது வரைக்கும் அவர்களுக்குத் தெரியும். அவன் யார் என்பதில் பாதிதான் தெரியாமல் போயிற்று.

நேரத்தை வைத்துப் பார்த்தால் மாட்ஸைவிடப் பெரிய ‘அடிமை’ கிடைக்கமாட்டார். ஆனால் மருத்துவம் நேரத்தை வைத்துப் பார்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்று அதில் முதன்முறையாக இடம்பெற்றது. அதன் வரையறையில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் என்று ஓர் எண்கூடக் கிடையாது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதில் பிடி தளர்ந்துபோவது. வாழ்க்கையின் மற்ற ஆர்வங்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி விளையாட்டு முன்னால் வந்து நிற்பது. கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது, கூடிக்கொண்டே போவது. இவை படிப்பையோ குடும்பத்தையோ உடம்பையோ கணிசமாகக் கெடுத்து, வழக்கமாக 12 மாத காலமாவது நீடித்தால்தான் கோளாறு என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இன்னும் தயங்குகிறது. 2013இல் வந்த அதன் கையேடு இதை ‘மேலும் ஆராய வேண்டியவை’ என்ற பகுதியில் வைத்திருக்கிறது.

எத்தனை பேருக்கு இது இருக்கும்? 2021இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கு 3 விழுக்காடு என்ற விடை கிடைத்தது. மாதிரிகளை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது அது 2 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கீழே இறங்கியது. சிறிய எண்தான்; ஆனாலும் 50 பேர் உள்ள வகுப்பறையில் ஒரு பிள்ளை. மற்ற 49 பேரில் பலர் நிறைய ஆடுகிறவர்கள், அவ்வளவுதான்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதில் பயனுள்ள ஒரு வேலை செய்தார்கள். ‘எவ்வளவு நேரம் ஆடினாய்?’ என்று ஆடுபவர்களைக் கேட்டால் நம்பத்தகுந்த பதில் வராது. அதனால் நிறுவனங்களிடமிருந்தே உண்மையான பதிவுகளை வாங்கினார்கள். 2022இல் வெளியான ஆய்வில் 7 விளையாட்டுகள், ஏறத்தாழ 39,000 ஆட்டக்காரர்கள். ஆடும் நேரம் கூடினாலும் குறைந்தாலும் மனநலத்தில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. ஏன் ஆடுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு தெரிந்தது. பிடித்து ஆடுகிறவர்கள் நன்றாக இருந்தார்கள். ஆடியே ஆகவேண்டும் என்ற நெருக்குதலில் ஆடுகிறவர்களின் மனநிலை தாழ்ந்திருந்தது. அந்த ஆய்வு பெரியவர்களைப் பற்றியது, பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் வீட்டில் கவனிக்க வேண்டிய இடம் எது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

அந்த நெருக்குதல் எங்கிருந்து வருகிறது?

மூளையில் சுரக்கும் டோபமைன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது இப்போதைய வழக்கம். அந்தச் சொல்லை முதலில் விளையாட்டோடு கட்டிப்போட்டது 1998இல் ‘நேச்சர்’ இதழில் வந்த லண்டன் ஆய்வு. எட்டு ஆண்களைப் படுக்கவைத்து, காசு வைத்து, டாங்கி ஓட்டும் ஒரு விளையாட்டை ஆடவிட்டு மூளையைப் படம் பிடித்தார்கள். டோபமைன் கூடியது தெரிந்தது. ‘விளையாட்டும் போதைமருந்தும் ஒன்று’ என்ற செய்தித்தாள் தலைப்புகள் அங்கிருந்துதான் கிளம்பின. பிடித்த சாப்பாடு கிடைக்கும்போதும் டோபமைன் கூடும் என்பதை அந்தத் தலைப்புகள் சொல்லவில்லை. டோபமைன் இன்பத்தைத் தரும் பொருள் என்பதே பாதி உண்மைதான். நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் செல்கள் துடித்தன. ஒரு விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு, விளக்கைக் கண்டதுமே துடித்தன. சாறு வந்தபோது பேசாமல் இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது வழக்கமான அளவுக்கும் கீழே அடங்கின. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்தச் செல்கள் கணக்கிடுகின்றன. அப்படியானால், கிடைக்குமா கிடைக்காதா என்பது கடைசிவரை தெரியாத பரிசு மூளையை அசரவிடாது. 1950களிலேயே உளவியலாளர் ஸ்கின்னர் இதைப் புறாக்களிடம் கண்டிருந்தார்: எத்தனையாவது கொத்தலில் தானியம் விழும் என்று தெரியாத புறாதான் ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது.

இதைத் தெரிந்துகொண்ட தொழில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். பப்ஜி போன்ற பேட்டில் ராயல் ஆட்டத்தில் 100 பேர் பாராசூட்டில் குதிக்கிறார்கள், நான்கு நான்கு பேராகக் கூட்டுச் சேர்ந்தும் ஆடலாம். கீழே எந்த வீட்டில் எந்தத் துப்பாக்கி கிடக்கும் என்பது அதிர்ஷ்டம். இரண்டாம் இடத்தில் செத்தால் ‘சே, ஒரே ஒரு செகண்ட்!’ என்று கை உடனே அடுத்த ஆட்டத்தைத் தொடும். மயிரிழையில் தோற்பது மேலும் ஆடும் ஆசையைக் கிளப்பும் என்பதைக் கேம்பிரிட்ஜில் சூதாட்ட இயந்திரங்களை வைத்து லூக் கிளார்க் 2009இலேயே காட்டிவிட்டார். ‘கென்ஷின் இம்பாக்ட்’ என்ற விளையாட்டில் ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் ஒரு குலுக்கல் இழுப்பில் விழும் வாய்ப்பு 0.6 விழுக்காடு, 90 முறை இழுத்தால் ஒன்று நிச்சயம். இழுப்புக்குக் காசு. பணம் கொடுத்துப் பிரிக்கும் இத்தகைய மர்மப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக 2018இல் பெல்ஜியம் அறிவித்தது. இவை போதாதென்று தினமும் உள்ளே வந்தால் ஒரு பரிசு, சீசன் முடிவதற்குள் வாங்காவிட்டால் போய்விடும் என்றொரு உடை. இலவச விளையாட்டு என்பதால் நாம் பேசாமல் இருக்கிறோம். இலவசமாகத் தந்தவர் வேறு எதை எடுத்துக்கொள்கிறார் என்று விசாரிப்பதில்லை.

சந்தேகமிருந்தால் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2022 டிசம்பரில் ‘ஃபோர்ட்நைட்’டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டைப் பார்க்கலாம். மொத்தம் 52 கோடி டாலர். குழப்பமான பொத்தான்களால் தெரியாமல் பொருள் வாங்கவைத்ததற்காக அதில் 24.5 கோடி. மீதி 27.5 கோடி, சிறுவர்களின் அந்தரங்க உரிமையை மீறியதற்கான அபராதம். முன்பின் தெரியாதவர்களோடு குரல்வழிப் பேசும் வசதி பிள்ளைகளின் கணக்கிலும் முதலிலிருந்தே திறந்து கிடந்தது என்பது ஆணையத்தின் முக்கியக் குற்றச்சாட்டு. பிள்ளை எவ்வளவு நேரம் ஆடினான் என்று மட்டும் பார்த்த பெற்றோர், ஹெட்போனுக்குள் யார் பேசினார்கள் என்று பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ‘டேய், சோறு ஆறிப்போகுது, எந்திரிச்சு வாடா.’ ‘இதோ வரேம்மா, மேட்ச் முடிஞ்சிரும்.’ பத்து நிமிடம் கழித்து அதே குரல் உரக்க. மூன்றாவது முறை அப்பா வந்து கைபேசியைப் பிடுங்குகிறார். பையன் கத்துகிறான், கதவை அறைகிறான். ‘பாத்தியா, எப்படி வெறி பிடிச்சிருக்கு’ என்று முடிவாகிவிடுகிறது. நடந்தது வேறாகவும் இருக்கலாம். இந்த ஆட்டங்களில் இடையில் நிறுத்திவைக்கும் ‘பாஸ்’ பொத்தான் கிடையாது. இடையில் எழுந்து போனால் கூட இருக்கும் மூன்று பேர் ஒரு ஆள் குறைவாக மாட்டிக்கொள்வார்கள். அந்த மூவரும் பெரும்பாலும் இவன் வகுப்புப் பையன்கள்தான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் ‘பாதியில விட்டுட்டு ஓடிட்டான்’ என்ற பேச்சு வரும். தெருக் கிரிக்கெட்டில் கடைசி ஓவரில் ஆறு ரன் வேண்டியிருக்கும்போது, மட்டையோடு நின்ற பையனைக் காதைப் பிடித்து இழுத்துப் போன பெரியவர்களை நமக்கும் ஒரு காலத்தில் பிடிக்காமல்தான் இருந்தது. பப்ஜியில் முழு ஆட்டம் அரை மணி நேரம் ஓடும். அது தெரிந்த தாய் எட்டேகால் மணிக்கே ‘அடுத்த மேட்ச் ஆரம்பிக்காதே’ என்று சொல்லிவிடுவார். ஒன்பது மணிக்குக் கத்த வேண்டியிருக்காது. விதி அதே விதிதான். விளையாட்டைத் தெரிந்தவர் போட்டால் பையனுக்கு நியாயமாகப் படும்.

அரசாங்கங்களும் மூன்றாவது முறை வந்து பிடுங்கிய அந்த அப்பாவைப் போல நடந்து பார்த்தன. தென்கொரியா 2011இல் 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை கணினியில் ஆன்லைன் விளையாட்டு ஆடக் கூடாது என்று சட்டம் போட்டது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே நுழைந்தார்கள். மற்றவர்கள் கைபேசிக்கு மாறினார்கள். பத்தாண்டுக்குப் பிறகு சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். சீனாவில் 2021 முதல் சிறுவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு 8 முதல் 9 வரை அனுமதி. அதற்கு முந்தைய 2019 கட்டுப்பாட்டை 700 கோடி மணி நேரத்துக்கும் அதிகமான ஆட்டப் பதிவுகளை வைத்து ஆராய்ந்தவர்கள், அளவுக்கு மீறி ஆடுவது குறைந்ததற்குச் சான்று எதுவும் காணவில்லை. அந்தப் பதிவுகளில் சிறுவர், பெரியவர் என்ற பிரிவு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பணம் வைத்து ஆடும் ரம்மி போன்றவற்றின் மீது தமிழ்நாடும் பிறகு ஒன்றிய அரசும் கொண்டுவந்த சட்டங்கள் தனிக் கதை. அங்கே இழப்பது பணம், கெடுப்பது கடன்; சட்டத்துக்கு அங்கே நிச்சயம் வேலை இருக்கிறது.

நேரம் ஒரு பொருட்டே இல்லை என்று இதிலிருந்து யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். தூக்கம் விஷயத்தில் நேரம் முக்கியம். பதின்வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது; தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் பிந்திச் சுரக்கிறது. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. ஏற்கெனவே பிந்தும் தூக்கத்தை இரவு ஆட்டம் மேலும் தள்ளும், காலை டியூஷன் பின்பக்கம் நறுக்கும். மறுநாள் பிள்ளையிடம் காணும் எரிச்சல், மறதி, வகுப்பில் கவனச் சிதறல் எல்லாம் விளையாட்டின் கணக்கில் எழுதப்படுகின்றன. அவற்றில் பல தூக்கக் கடனாகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால் ஒரு வீட்டில் ஒரே ஒரு விதிதான் போட முடியும் என்றால், இரவில் கைபேசி படுக்கையறைக்குள் போகக் கூடாது என்பதையே போடுவேன். பெரியவர்களின் கைபேசியும் சேர்த்து.

உண்மையிலேயே அடிமையாகிவிட்ட பிள்ளைகளிடம் மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவுக் கோளாறு ஆகியவை கூடவே அதிகம் காணப்படுகின்றன. எது முந்தியது என்பது எளிதில் பிரியாது. பள்ளியில் கேலிக்கு ஆளாகும் பையன், எண்ணும் எழுத்தும் தடுமாறும் பையன், அப்பா அம்மா சண்டைக்கு நடுவில் வளரும் பெண் ஆகியோருக்கு, செய்ததற்கு உடனே பலன் கிடைத்து, தன்னை ஒரு ஆளாக மதிக்கும் ஓர் இடம் அங்கே கிடைத்துவிடுகிறது. கைபேசியைப் பிடுங்கினால் அந்த இடம் போகும். ஓடிவந்த காரணம் அப்படியே நிற்கும்.

மாட்ஸைத் தேடி வந்த கடிதங்களில் இரண்டு இங்கே பொருந்தும். நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு சிறுமி. படிப்பு கெடுகிறது என்று பெற்றோர் அவளுடைய கணினியைப் பறித்து வைத்தார்கள். அவளுக்கு அங்கே நண்பர்கள் இருப்பதை எடுத்துச் சொல்லி மாட்ஸ் அந்தப் பெற்றோருக்கே கடிதம் எழுதினார். இன்னொருவர் டென்மார்க்கைச் சேர்ந்த தாய். அவருடைய மகன் ஆட்டிச நிலையுள்ளவன், அறையை விட்டு வெளியே வரமாட்டான். நீங்களும் அவனோடு சேர்ந்து ஆடிப் பாருங்கள் என்று மாட்ஸ் அவருக்குச் சொன்னார். வீட்டில் நெருங்க முடியாத தாயும் மகனும் விளையாட்டுக்குள் முதலில் நெருங்கினார்கள், பிறகு வீட்டிலும். நோயாளியான ஓர் இளைஞர், மனநல மருத்துவர் எவரும் சொல்லிக்கொடுக்காமலே, சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்.

எல்லாப் பெற்றோரும் துப்பாக்கி சுடப் பழக வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மேட்ச் பார்த்தால் போதும். ‘இவன் யாருடா, நம்ம செல்வமா? இப்ப எதுக்கு ஒளிஞ்சுக்கிட்டே? இந்த டிரெஸ் என்ன விலை?’ தப்பும் தவறுமாகக் கேட்டாலும் பிள்ளை சலித்துக்கொண்டே சொல்லிக்கொடுப்பான். அவனுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத ஒன்றைக் கற்றுத்தரும் வாய்ப்பு வேறு எப்போது அவனுக்குக் கிடைக்கிறது? யாரோடு ஆடுகிறான், அதில் எத்தனை பேர் முகம் தெரிந்தவர்கள், காசு எங்கிருந்து போகிறது, தோற்றால் சிரிக்கிறானா சுருண்டுபோகிறானா என்பதெல்லாம் அந்த அரை மணியில் தெரிந்துவிடும். கடைசியில் சொன்னது மற்றவற்றைவிட முக்கியம்.

பள்ளிக்குப் போவதை நிறுத்துவது, இரவும் பகலும் தலைகீழாவது, குளிப்பதும் சாப்பிடுவதும் விட்டுப்போவது, முன்பு பிடித்திருந்த எதிலும் மனம் ஒட்டாமல் போவது, வீட்டுப் பணம் காணாமல் போவது, கைபேசியை வாங்கினால் தன்னையோ பிறரையோ காயப்படுத்துவேன் என்பது ஆகியவை தென்பட்டால் 12 மாதம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அறிகுறி கடுமையாக இருந்தால் அந்தக் கால அளவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று வகைப்பாடே இடம் கொடுக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. அவ்வளவு தூரம் போகுமுன் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பிள்ளை வர மறுத்தால் பெற்றோர் மட்டும் பேசித் தொடங்கினாலும் போதும்.